காலுறை கோயிலுக்குப் பொருந்தாது

மார்கழி 1, டிசம்பர் 16

உ. முருகன் துணை.

காலை ஐந்தரைக்கு வாசல் தெர்மாமீட்டரில் நான்கு டிகிரி. வெந்நீர் ஒரு குண்டான். பால் அரை லிட்டர். கோயிலில் இருபத்தேழு சுற்று.

இந்த நோட்டில் வழக்கமாகப் பாலும் கேஸும்தான் எழுதுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. மிச்சத்தை மளிகைப் பொட்டலத் தாள்களிலிருந்து நானே படித்துக்கொண்டேன். இந்த மார்கழிக்கு மட்டும் கொஞ்சம் விரித்து எழுதுவதாக முடிவு. காரணம், கோயம்புத்தூரில் டீச்சராக இருக்கும் மகள் பகவதி நேற்று செய்த போன்.

"போன வருஷம் மாதிரி நீ ஆறு நாள் ஆஸ்பத்திரில கெடந்தா எனக்கு லீவு கெடையாதும்மா. இந்தக் குளிர்ல ஒரே ஒரு தடவை டாக்டர்ட்ட போகும்படி ஆனாலும், வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துரணும். சம்மதமா?"

"ஒங்க அத்தை?"

"அத்தை தென்காசிக்குப் போகட்டும். பெத்த மகன் இருக்கான்லா. எங்க வீட்டு ஹால்ல ஒரு கட்டிலுதான் போட முடியும்."

அத்தை என்றால் ஆவுடை மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா. அவளுக்கு எழுபத்து நாலு, எனக்கு அறுபத்தொன்பது. அவர் போன பிறகு ஒன்பது வருஷமாக நீலகிரி மலையில் இந்தக் கேத்தி வீட்டில் நாங்கள் இருவர்தான். நடுவில் ஒரு முறை மதினி தென்காசிக்குப் போய்ப் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தாள். "அங்க எனக்குன்னு தனித் தட்டு, தனி டம்ளர்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

ஆகவே கோயில் பாலமுருகனோடு ஓர் ஒப்பந்தம் போட்டேன். மார்கழி முழுக்க விடியலில் வெறுங்காலோடு இருபத்தேழு சுற்று என் பொறுப்பு. எங்கள் இருவரையும் டாக்டர் வாசலை மிதிக்கவிடாமல் தை மாதத்தில் கொண்டு சேர்ப்பது அவன் பொறுப்பு. இந்த வருஷம் மார்கழிக்கு இருபத்தொன்பது நாள்தான். ஒரு நாளை அவனாகவே தள்ளுபடி செய்துவிட்டான்.

மார்கழி 3, டிசம்பர் 18

நர்ஸ் எஸ்தர் வந்து வீடு வீடாக அச்சடித்த தாள் கொடுத்துவிட்டுப் போனாள். 'குளிர்காலத்தில் முதியோர்' என்று தலைப்பு. முதியோர் என்றதும் மதினிக்குத்தான் ஆகும் என்று அவளை உட்காரவைத்துச் சத்தமாக வாசித்தேன். ஒரே தடித்த உடுப்பைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. தலையும் காதும் மூடியிருக்க வேண்டும். தாகம் இல்லாவிட்டாலும் வெதுவெதுப்பாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். பூட்டிய அறையில் கரி அடுப்பு கூடவே கூடாது.

"கரிய மூட்டிக் கதவச் சாத்திட்டுப் படுத்தா எம்புட்டு சொகமா இருக்கும் தெரியுமா" என்றாள் மதினி.

"சொகமாத்தான் இருக்கும் மதினி. காலைல எந்திரிக்கத்தான் முடியாது."

"அப்பம் நல்லதுதான. ஒன் வாசிப்பக் கேக்காண்டாம்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, கரிச்சட்டியைத் தானே தூக்கிக் கொல்லையில் கவிழ்த்துவிட்டாள்.

தாளில் இன்னும் இரண்டு இருந்தன. 'மாத்திரைகளை நிறுத்தக் கூடாது.' எனக்குச் சர்க்கரை ஆறு வருஷமாக எட்டிப் பார்க்கிறது. காலை மாத்திரை போட்டால் உடனே சாப்பிட வேண்டும். சுற்று முடியாமல் நான் பச்சைத் தண்ணீர் தொடுவதில்லை. இரண்டும் இடிக்கிறபடியால் அந்த மாத்திரைக்கு மார்கழி முழுக்க விடுமுறை. சுற்று முடிந்ததும் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் தருகிறார்கள். பிரசாதத்தில் உள்ள சர்க்கரை சர்க்கரைக் கணக்கில் வராது.

'காலுறை அணிய வேண்டும்.' இதற்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்: கோயிலுக்குப் பொருந்தாது.

மார்கழி 5, டிசம்பர் 20

மூன்று டிகிரி. சுற்று இருபத்தேழு. கருங்கல்லில் கால் வைத்தால் உச்சந்தலை வரைக்கும் குத்துகிறது. ஒன்பதாவது சுற்றில் முருகனைக் கும்பிடுவதை விட்டுவிட்டு வெயிலைக் கும்பிட்டேன்.

குருக்கள் மப்ளரைக் காதில் இறுக்கிக்கொண்டு சொன்னார்: "சாமிக்கே ரெண்டு வஸ்திரம் சேர்த்துச் சாத்தியிருக்கேம்மா. நீங்க கம்பளி உறை போட்டுண்டே சுத்தலாம். தோல்தான் கூடாது. இதோ பாருங்கோ, நானே போட்டுண்டிருக்கேன்."

"நீங்க சாமிக்குப் பக்கத்துல நிக்கறவுக. ஒங்களுக்குச் சலுகை உண்டு" என்றேன்.

அடக்கமாகச் சொன்னதாகத்தான் எண்ணினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அவரை இடித்துப் பேசியது போலத்தான் இருக்கிறது.

மார்கழி 8, டிசம்பர் 23

பூஜ்யம். புல்லெல்லாம் உப்புக் கொட்டிய மாதிரி வெள்ளை. கீழ்ச் சரிவில் தேயிலை கருகிவிட்டது. மதினி மூன்று ஸ்வெட்டர், அவளே பின்னிய குரங்குக் குல்லா, மேலே கம்பளி. வெளியே கண் மட்டும் தெரிந்தது. அதுவும் என்னை முறைத்தது.

இன்று ஒரு சங்கதி. காலில் குளிரே தெரியவில்லை. முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை பஞ்சு மெத்தையில் நடப்பது போல இருந்தது. கல்லா, மெத்தையா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தேன். கல்தான்.

அவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று புரிந்தது. இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஏழு பேரிடம் சொன்னேன்.

மார்கழி 10, டிசம்பர் 25

கோயிலிலிருந்து திரும்பினால் வாசலில் மதினி நிற்கிறாள்.

"ஏட்டி வடிவு, இன்னொரு செருப்பு எங்க?"

பார்த்தால் இடது காலில்தான் செருப்பு. வலது கால் மண்ணும் பனியுமாக இருக்கிறது. எங்கே கழன்றது என்று தெரியாது. பாதி வழியில், பேக்கரி ஓரமாக அது தனியாகக் கிடந்ததை மதினியே போய் எடுத்து வந்தாள்.

"செருப்பு கழண்டு விழுந்தது கூடவா தெரியாது?"

"நாமம் சொல்லிக்கிட்டே வந்தேன் மதினி. வேற நெனப்பே இல்ல."

"சாமி ஒன்னக் கூப்புடுதார்னா முழுசாக் கூப்புடட்டும். ஒத்தக் காலு ஒத்தக் காலா என்னத்துக்குக் கூப்புடுதார்?"

பக்தி இல்லாதவளிடம் என்ன பேச.

மார்கழி 11, டிசம்பர் 26

இரண்டு டிகிரி. சுற்று இருபத்தேழு. பொங்கலில் முந்திரி அதிகம்.

மார்கழி 13, டிசம்பர் 28

வலது குதிகாலில் ஒரு கொப்புளம். வெந்நீர்ப் பையில் சுற்றிய துண்டு தூக்கத்தில் நழுவியிருக்கும் போல. மஞ்சள் வைத்தேன். கேட்ட மதினியிடம் செருப்புக் கடி என்றேன். முழுப் பொய் இல்லை. செருப்பு ஒரு நாள் கடிக்கத்தானே போகிறது.

மத்தியானம் நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தபோது மதினி என் காலடியில் வெகு நேரம் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கேட்டால் பின்னல் ஊசி விழுந்துவிட்டதாம். எழுந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. முட்டி வலி என்று நினைத்து, தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னேன்.

மார்கழி 14, டிசம்பர் 29

பகவதி போன்.

"சளி, இருமல், காச்சல் எதாவது உண்டா?"

"ஒண்ணும் கெடையாது."

"காலு?"

"கல்லு மாதிரி இருக்கு."

இதிலும் ஒரு பொய் கிடையாது. பக்கத்தில் மதினி பின்னிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி பின்னினாள்.

மார்கழி 17, ஜனவரி 1

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புது வருஷம் என்று கோயிலில் கூட்டம். ஆறாவது சுற்றில் கல்லில் ஒரு சிவப்புப் பொட்டு. கையில் குங்குமத்தை வாங்கிக்கொண்டு யாரோ சிந்திக்கொண்டே போகிறார்கள் என்று ஒதுங்கி நடந்தேன். எட்டாவது சுற்றில் ஏழெட்டுப் பொட்டு. பத்தாவதில் சுற்று முழுக்க இருந்தது. என்ன ஜனங்கள், சாமி குங்குமத்தை மிதிக்க விட்டுவிட்டுப் போகிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. வரிசையில் நின்ற நாலு பேரைக் கையைக் காட்டச் சொல்லிச் சோதித்தேன். பிறகு குருக்களைக் கூப்பிட்டேன்.

"இதப் பாருங்க சாமி. கொஞ்சமாது பயபக்தி இருக்கா?"

அவர் குனிந்தார். ஒரு விரலால் தொட்டார். பிறகு கல்லைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தார்.

"அம்மா, இது குங்குமம் இல்ல. ஒங்க பாதத்தத் தூக்குங்கோ."

வலது பாதத்தின் விளிம்பில், சுண்டு விரலுக்குக் கீழே இருந்து வந்துகொண்டிருந்தது. நான் கையைக் காட்டச் சொன்ன நாலு பேரும் நின்று பார்த்தார்கள்.

குருக்கள் பஞ்சு எடுக்க உள்ளே போனார். அவர் திரும்புவதற்குள் நான் அடுத்த சுற்றில் இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இருபத்தேழையும் முடித்தேன். வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கெஞ்சினேன். வலித்திருந்தால் நின்றிருப்பேன். வலிக்கவே இல்லையே.

என்னால் குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாது. சாப்பாட்டுத் தட்டைத் தேய்த்துத் தரையில் வைத்து, அதற்கு மேல் பாதத்தைப் பிடித்துப் பார்த்தேன். கறுப்பாக ஏதோ தெரிந்தது. தட்டில் கீறலாகவும் இருக்கலாம். மஞ்சள் அப்பித் துணி சுற்றி, மேலே கம்பளி உறை போட்டேன்.

மதினி பார்த்துவிட்டு, "உறை போட்டுட்டியே, இப்பமாவது புத்தி வந்துச்சே" என்றாள்.

மார்கழி 18, ஜனவரி 2

ஒரு டிகிரி. துணி சுற்றியபடியே இருபத்தேழு. இன்னும் பதினொரு நாள்தான். இந்த நேரத்தில் டாக்டர் என்று வாய் திறந்தால் மதினி தென்காசி ரயிலில் இருப்பாள்.

மார்கழி 19, ஜனவரி 3

உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மார்கழி என்றால் நடுங்கத்தான் செய்யும். கோயிலுக்கு வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து போய், இருபத்தேழையும் முடித்தேன்.

வீட்டில் எலி செத்த வாடை. மதினி அரிசி டின், அலமாரி, கட்டிலடி எல்லாவற்றையும் ஒதுக்கிப் பார்த்தாள். நானும் நொண்டி நொண்டிக் கூடவே தேடினேன். எங்கே போனாலும் வாடை எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. "கெட்டிக்கார எலி" என்றேன்.

மதினி சிரிக்கவில்லை.

மார்கழி 20, ஜனவரி 4

காலையில் எழுந்திருக்க முடியவில்லை. மதினி கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தாள். நான் போர்வையை இழுப்பதற்குள் உறையை உருவிவிட்டாள். துணியையும் பிரித்தாள். எலி கிடைத்துவிட்டது.

அழுவாள் என்று நினைத்தேன். மூக்கைப் பொத்தாமல் குனிந்து பார்த்தாள். "எத்தன நாளாச்சு?"

"மூணு."

"கொழுப்பெடுத்தவ." எழுந்து போனை எடுத்தாள். பச்சைப் பொத்தான் எது, சிவப்பு எது என்று அவளுக்குத் தெரியாது. "பகவதிக்குப் போட்டுக் குடு" என்றாள்.

"மாட்டேன். பத்து நாள் பொறுங்க மதினி. தை பொறந்துரும். இப்பச் சொன்னா ஒங்கள எங்க அனுப்புவாகன்னு தெரியும்லா?"

"தெரியும். தென்காசில எனக்குத் தனியா ஒரு தட்டாவது தருவான். ஒனக்கு ஒரு காலு எவன்ளா தருவான்?"

குல்லாவை மாட்டினாள். அந்தப் பனியில் சுவரைப் பிடித்து இறங்கிப் பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போய் அங்கிருந்து பேசினாள். நான் கட்டிலில் கிடந்து அவள் மேல் கோபப்பட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்கழி 21, ஜனவரி 5

ஆஸ்பத்திரி. சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு.

மார்கழி 23, ஜனவரி 7

வலது காலில் இனி நாலு விரல்.

சுண்டு விரலோடு போனது என்று சந்தோஷப்படச் சொன்னார்கள். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் பாதத்தில் பாதி போயிருக்குமாம். காலுக்குள்ளிருந்து உடைந்த அகல் விளக்கின் ஓடு ஒன்றை எடுத்திருக்கிறார்கள். நகம் அளவு. மூன்று நாள் அதை மிதித்து எழுபது சுற்றுக்கு மேல் நடந்திருக்கிறேன்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. "குளிர் தெரியாமப் போச்சே, அப்ப என்னம்மா நினைச்சீங்க?" என்று கேட்டாள்.

அருள் என்று நினைத்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. "மார்கழின்னு நெனச்சேன்" என்றேன்.

சர்க்கரை நரம்பைத் தின்றால் காலுக்கு முதலில் குளிர் மறக்குமாம், பிறகு சூடு, கடைசியில் வலி. தரை பஞ்சு மெத்தை மாதிரி இருக்குமாம். அந்த வார்த்தையையே சொன்னாள். நான் ஏழு பேரிடம் சொன்ன வார்த்தை அது.

அவள் போன பிறகு மதினி மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு நீ பேப்பர் படிச்சிட்டு இருந்தப்ப ஊசி ஒண்ணும் விழல. ஒன் பெருவெரல்ல ஊசியால ரெண்டு குத்துக் குத்துனேன். நீ ஒரு எழுத்து விடாம வாசிச்சுக்கிட்டே இருந்த."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கணும்." கம்பளியின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "நானும் தை வரட்டும்னுதான் இருந்தேன்."

ஒரு வீட்டில் இரண்டு கள்ளிகள். முருகன் யாரைப் பார்த்து வெட்கப்பட்டிருப்பான்.

மார்கழி 27, ஜனவரி 11

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். பகவதி காரோடு வந்தாள். வீட்டில் என் துணியை அவள் எடுத்து வைத்தாள். மதினி தன் டிரங்குப் பெட்டியைத் தானே கட்டினாள். தென்காசிக்குப் போன் போயிருக்கிறது. மகன் "சரி" என்றானாம். அந்த ஒரு வார்த்தை மட்டும்.

"அம்மா, பாதத்தத் தெனமும் பாக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காங்க. நான் ஸ்கூல் விட்டு வந்ததும் பாக்குதேன். வேற என்ன வேணும் ஒனக்கு?"

இருபத்தேழு சுற்றுக்கும் முருகனிடம் கேட்காத ஒன்றை அப்போதுதான் கேட்டேன், மகளிடம்.

"நீ வந்து கேப்ப. நான் நல்லா இருக்கேன்னு சொல்லுவேன். நீ நம்புவ. இந்த மார்கழி பூரா நீ போன்ல கேட்ட, நான் சொன்னேன், நீ நம்புன. எனக்குப் பொய் சுத்தமா வருது பகவதி. அதுலயும் ஒரு வார்த்த பொய் இல்லாமச் சொல்லுத பொய்யி. நான் சொல்லுதத நம்பாத ஆளு ஒருத்தி எனக்கு வேணும். ஊசியால குத்திப் பாக்குத ஆளு."

பகவதி கார் சாவியைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"கட்டிலு ஒண்ணு போதும். ஒருநா ஒங்க அத்தை, ஒருநா நான். தரைல படுத்தாக் குளிரும்னு நர்ஸ் குடுத்த தாள்லயே போட்டிருக்கு, ரெண்டு மெத்தை விரிச்சுக்கிடுதோம்."

"என்னப் பத்தி நீ ஒண்ணும் கேக்காண்டாம்" என்றாள் மதினி, பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"ஒங்களப் பத்தி எவ கேட்டா? எங்காலப் பத்திக் கேக்கேன்."

பகவதி அத்தையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனாள். தென்காசிக்கு அவளே மறுபடியும் போன் செய்தாள். அங்கேயும் "சரி" என்றுதானாம்.

வீட்டைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது வலித்தது. வலிக்கிற இடம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

தை 1, ஜனவரி 14

கோயம்புத்தூர். பொங்கல். எனக்கு வெண்பொங்கல் மட்டும். காலை மாத்திரை போட்டேன்.

தை 4, ஜனவரி 17

இந்த ஊரில் காலை பத்தொன்பது டிகிரி. அதற்கே ஜனங்கள் குல்லா மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறார்கள். மதினி மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தாள். பிறகு தன் குல்லாவையும் மாட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பாதம் பார்க்கிற நேரம். எனக்குப் பிடிக்காத நேரம் இதுதான். ஐந்து வயது மூத்தவள், அவர் கூடப் பிறந்தவள், என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். முதல் நாள் நான் காலை இழுத்துக்கொண்டு, "வேண்டாம் மதினி, பாவம்" என்றேன்.

"பாவம் யாருக்கு? ஒனக்குத்தான? இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி மறுபடி இழுத்து வைத்தாள்.

டாக்டரம்மா ஒரு பரீட்சை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மதினி பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொடுவாள். எந்த விரல் என்று நான் சொல்ல வேண்டும். மூன்று நாளாக எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி வந்தேன். மதினி பெருவிரலில் ஆரம்பித்து வரிசையாகத்தான் வருவாள், அவள் கை நகர்கிற சத்தம் கேட்கும். போதாததற்கு இமையை ஒரு நூல் அளவு திறந்தும் வைத்திருந்தேன். இந்தப் புத்தி எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததோ.

இன்று கண்ணை நிஜமாகவே மூடினேன்.

"இப்ப?" என்றாள்.

காத்திருந்தேன். பஞ்சு எங்கே இருக்கிறது, தொட்டாளா, இன்னும் தொடவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப?"

"தெரியல மதினி" என்றேன்.

"இது?"

"தெரியல."

அவள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, என் பாதத்தை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். இமையைத் திறந்து பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.